சரவிளக்கில்லாத பந்தல்

'சொத்தைப் பல்' என்று ராக் குழுவுக்குப் பேர் வைத்தால் உருப்படுமா? வக்தி வைத்தான். மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டு கித்தாரைத் தூக்கிய அன்றோடு அப்பா ரவூப் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கெய்ரோவில் இரண்டு சந்து தள்ளித்தான் அவர் வீடு. முதல் பாட்டு வெளிவரும்போதாவது அந்த மனுஷன் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று இவனுக்கு ஏக்கம். வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

பாட்டைப் படமெடுக்கத் தெருவை அடைத்துத் துணிப்பந்தல் போட்டார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அங்கே ஒரே சித்திரத் துணிதான். சரவிளக்கு தொங்கினால் கல்யாணம், இல்லாவிட்டால் எழவு. டிரம்ஸ் வாசிக்கும் நஷ்வாதான் இயக்குநர். "விளக்கெல்லாம் பட்டிக்காட்டுத்தனம், கழட்டுங்கடா!" என்றாள். மேதை!

வக்தி பந்தலுக்குப் பின்னால் முகத்தில் வெள்ளைச் சாயம் அப்பிக்கொண்டிருந்தான். அதற்குள் காபிக்கடை ஹாஜி மித்வல்லி ஆட்களோடு வந்து, யாருக்குப் பந்தல் என்று பந்தல்காரனைக் கேட்டார்.

"வக்தி பேர்லதான் போட்டிருக்கு," என்றான் அவன், கயிற்றை இழுத்தபடி. போதாதா? ஒருத்தன் ரவூபுக்குச் சொல்ல ஓடினான். எழவுக்குக் கொடுக்கும் சர்க்கரை போடாத காபி வந்தது. நாற்காலிகள் நிறைந்தன.

"தங்கமான பையன்," என்று கண்ணைத் துடைத்தார் ஹாஜி. "பாட்டுதான் காதுல கேட்க முடியாது."

"கூட்டம் தானா வந்திருக்குடா! அழவேற அழுறாங்க! கேமராவை ஓட்டு!" என்று நஷ்வா குதித்தாள்.

வக்தி வெள்ளை முகத்தோடு பாய்ந்து வந்து முதல் வரியைக் கத்தினான்.

"யா அல்லா! பொணம் பாடுது!" ஹாஜியின் காபி மடியில் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார் ரவூப். மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அப்புறம் விட்டாரே ஒரு அறை!

"நாய்க்குப் பொறந்தவனே! உசிரோடவா இருக்க?" தன்னையேதான் திட்டிக்கொள்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இருக்கேன்பா."

"வர்ற வழியெல்லாம் உங்கிட்ட கடைசியா என்ன பேசினேன்னு யோசிச்சேன்டா. ஞாபகமே வரல." முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ம், பாடு."

நஷ்வா குச்சிகளைத் தட்டினாள். வக்தி வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

"இதுக்காடா படிப்பை விட்ட?" என்றார் அப்பா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "சத்தமாப் பாடு!"