தள்ளு இன்ஜின்

அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. எம்ரிஸ் அதற்குக் கீழே நன்றாகக் குனிந்துதான் கெட்டிலை எடுத்தான். தலை பட்டால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். "பக்கத்துல கூட போகாதே" என்று மாடியிலிருந்தே குரல் வந்தது. அவன் மனைவி நெஸ்டாவுக்கு முதுகிலும் கண். இத்தனைக்கும் அவனுடையது கழுவிய கைதான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிலக்கரியில் புழங்குகிற கையைச் சோப்பு என்ன செய்துவிட முடியும்? ரேகைகளிலும் நகக்கண்ணிலும் கரி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வெள்ளைத் துணி எதைத் தொட்டாலும் அவன் தொட்டது ஊருக்கே தெரியும். அதனால் மேசைவிரிப்பும் தலையணை உறையும் போலவே பாட்டுக் கையுறையும் அவனுக்கு ஆகாத பொருளாகிவிட்டது. நெஸ்டா கோபமாகச் சொல்வதில்லை. பால் பொங்குகிறது என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொல்வாள்.

அன்றைக்குக் கடற்கரை நகரமான ஸ்வான்சியில் பாட்டுப் போட்டி. ஊர்த் தேவாலய சபையின் பாடகர் குழுவில் நெஸ்டா கீழ்க்குரல் பாடுகிறவள். போன வருஷம் இரண்டாம் இடம், அதற்கு முந்தின வருஷமும் இரண்டாம் இடம். இந்த முறை ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேடையில் ஒவ்வொரு குழுவாகப் பெயர் வாசிப்பார்கள். பதில் வராத குழுவின் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அழுதாலும் கெஞ்சினாலும் கேட்க மாட்டார்கள். ஆகவே விடியற்கால வண்டியிலேயே போய்விடலாம் என்றுதான் நெஸ்டா முதலில் சொன்னாள். அவளுடைய அண்ணன் ஹேடன் விடவில்லை. ஹேடன் எக்ஸ்பிரஸ் டிரைவர். தன் வண்டியில் கூடுதல் பெட்டி போட்டு எல்லோரையும் அழைத்துப்போவதாகவும், ஒரு மணிக்கெல்லாம் கடலோரத்தில் பொரித்த மீன் தின்றுகொண்டிருப்பார்கள் என்றும் சபைக்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்துவிட்டான்.

எம்ரிஸும் டிரைவர்தான். ஆனால் அவனுடையது தள்ளு இன்ஜின். ஊருக்கு வெளியே தொடங்குகிற பென்ரிவ் மேட்டில் கனமான வண்டி எதுவும் தானாக ஏற முடியாது. அடிவாரத்தில் நின்று இரண்டு முறை ஊதும். எம்ரிஸ் பின்னால் போய்த் தோள் கொடுப்பான். உச்சி வந்ததும் நீராவியை அடைத்துவிட்டுப் பின்வாங்குவான். வண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறைவதைப் பார்த்துவிட்டு அவன் உருண்டு கீழே வந்து அடுத்ததற்குக் காத்திருப்பான். அந்த வேலைக்கென்றே பழைய மலை ரயில் கம்பெனி செய்த இன்ஜின் வகை, கே வகுப்பு. தாழ்ந்த சக்கரம், குட்டைப் புகைபோக்கி, இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. அழகு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மலைக் கம்பெனியைப் பெரிய கம்பெனி விழுங்கியபோது கே வகுப்புக்குப் புது எண் எழுதினார்கள். ஓட்டுகிறவர்களை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டார்கள். எம்ரிஸ் இரண்டு தடவை எக்ஸ்பிரஸ் வேலை கேட்டுப் பார்த்தான். கே ஆட்கள் கே வண்டியோடுதான் என்று பதில் வந்தது.

ஹேடனுக்குக் கிடைத்தது பெரிய கம்பெனியின் புது வகுப்பு இன்ஜின். பச்சை வர்ணம், புகைபோக்கியைச் சுற்றிச் செம்பு வளையம், சக்கரத்துக்கு மேலே பித்தளைத் தகட்டில் ஏதோ ஒரு பிரபுவின் பெயர். அதில் ஏறுவதற்குக் கழுத்தில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எம்ரிஸைச் சீண்டாவிட்டால் அவனுக்கு ஆட்டுக்கறி இறங்காது. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவன் என்பான். ரயிலின் முதுகை மட்டும் பார்த்தே காலம் தள்ளிவிட்டான், முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் தெரியாது என்பான். மேசையே சிரிக்கும். எம்ரிஸும் சிரிப்பான். வலிக்கத்தான் செய்யும்.

அன்றைக்குக் காலையில் எம்ரிஸ் அடிவாரத்தில் தயாராக நின்றான். அவனுடைய ஃபயர்மேன் மெர்வின் இன்ஜின் அடுப்பில் தீயை நன்றாக மூட்டி வைத்திருந்தான். பச்சை இன்ஜின் வந்தது. பின்னால் நீளமாகப் பெட்டிகள், ஜன்னலுக்கு ஜன்னல் சபை ஆட்கள். ஊதல் கேட்கவில்லை. ஹேடன் வெளியே எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தான். பாட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படிதான் அசைத்தான். அவ்வளவு பெட்டியோடு அந்த மேட்டைத் தனியாக ஏறிக் காட்ட வேண்டும் என்று ஆசை அவனுக்கு.

"பிரபு நம்மள மதிக்கலண்ணே," என்றான் மெர்வின்.

எம்ரிஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இன்ஜினின் மூச்சை வைத்தே அது மேட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியும். வழியிலிருந்த கல்குவாரி வரை நன்றாகத்தான் போனது. பிறகு மூச்சு கனத்தது. அப்புறம் சக்கரம் வழுக்கி வெறுமனே சுற்றுகிற படபடப்பு, மறுபடியும் படபடப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கார்டு சிவப்புக் கொடியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எம்ரிஸ் கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டான்.

கே வகுப்பு கடைசிப் பெட்டியின் முதுகில் போய் மெதுவாகப் பொருந்தியது. பிறகு தள்ளியது. அதற்குத் தெரிந்த வேலை அதுதான். ஒரு முறைகூட வழுக்காமல், குனிந்த தலை நிமிராமல், மொத்த வண்டியையும் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வழக்கம்போல் நீராவியை அடைத்துவிட்டு எம்ரிஸ் பின்வாங்கக் காத்திருந்தான். ஆனால் சிவப்பு விளக்கு நகரவில்லை.

இறங்கி முன்னால் நடந்துபோய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தனியாக ஏறுகிற வெறியில் ஹேடன் நீராவியைக் கொட்டித் தீர்த்திருந்தான். கொதிகலனில் தண்ணீர் அளவு காட்டுகிற கண்ணாடிக் குழாயின் அடிக்குப் போய்விட்டது. தண்ணீர் ஏற்றுகிற இரண்டு கருவிகளும் துப்பினவே தவிர ஏற்றவில்லை. இனி தீ இருந்தால் கொதிகலன் வெடிக்கும். ஹேடனின் ஃபயர்மேன் தீயை வாரி வாரித் தண்டவாளத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். ஹேடன் பட்டுத்துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எம்ரிஸுக்கு இத்தனை வருஷத்துக் கோபமும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

உச்சியிலிருந்த கேபினிலிருந்து சிக்னல்காரர் ரீஸ் தலையை நீட்டினார். ஸ்வான்சியிலிருந்து வேறு இன்ஜின் வருவதற்குள் இரண்டு மணி தாண்டிவிடும் என்றார். செய்தி பெட்டிக்குப் பெட்டி பரவியதை எம்ரிஸால் கேட்க முடிந்தது. முதலில் பேச்சு நின்றது. அப்புறம் யாரோ ஒரு பெண் விசும்பினாள். நடுப்பெட்டியின் ஜன்னலில் நெஸ்டா தெரிந்தாள். அழவில்லை. கையுறை போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"நம்ம வண்டி இருக்கே," என்றான் எம்ரிஸ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கே வகுப்பு எக்ஸ்பிரஸ் இழுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதற்கு மேல் இன்னொரு சங்கடம். உச்சிக்கு அந்தப் பக்கம் எம்ரிஸ் ஓட்டிப் போனதே இல்லை. பழக்கமில்லாத பாதையில் ஒருவன் தனியாக ஓட்டக்கூடாது. பாதை தெரிந்தவன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பாதை தெரிந்தவன் ஒருவன்தான் அங்கே இருந்தான்.

"எனக்கு ரோடு தெரியும்," என்றான் ஹேடன். "வண்டிய எங்கிட்ட குடு மாப்ளே. நான் ஓட்டிக்கிறேன்."

இப்படி ஒரு சமயத்தில் எப்போதும் எம்ரிஸ் விட்டுக்கொடுத்துவிடுவான். அன்றைக்கு வாய் வேறு மாதிரி திறந்தது.

"ரோடு உனக்குத் தெரியும் மச்சான். என் வண்டி, இவள உனக்குத் தெரியாது. நீ வாயால சொல்லு, நான் ஓட்டுறேன்."

ஹேடன் சாம்பலை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

ரீஸ் தண்டவாளம் மாற்றுகிற நெம்புகோல்களை இழுத்துவிட, கே வகுப்பு பக்கத்துத் தண்டவாளத்துக்கு வந்து வண்டி நெடுக முன்னால் போனது. அதற்கு முன் எம்ரிஸ் ஒரு ரயிலைப் பக்கவாட்டில் முழுதாகக் கடந்ததில்லை. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் வந்தன. அவனுக்குத் தாடி மழிக்கிற நாவிதர், பள்ளி வாத்தியார், ரொட்டிக் கடைக்காரர். "நெஸ்டா, உன் வீட்டுக்காரர் வழி தவறி முன்னாடி வந்துட்டாரு பாரு," என்று யாரோ கத்த, அடுத்த பெட்டியில் சிரிப்பு எழுந்தது. நெஸ்டா சிரிக்கவில்லை. அவன் கடந்துபோகிறவரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பச்சை இன்ஜினை ஓரத்தில் இழுத்து நிறுத்திவிட்டு வண்டியின் முன்னால் கே வகுப்பை மாட்டினார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் முன்னால் இரு ஓரத்திலும் விளக்கு இருக்க வேண்டும். மெர்வின் பச்சைப் பிரபுவிடமிருந்து இரண்டு விளக்குகளையும் கழற்றிக்கொண்டு வந்து, மாலை சாத்துகிற மாதிரி கேயின் நெற்றிக்குக் கீழே மாட்டினான்.

எம்ரிஸ் நீராவியைத் திறந்தான். திறந்த பிறகுதான் கவனித்தான், கண்ணெதிரே ஒன்றுமே இல்லை. இருபது வருஷமாக அவன் பார்த்ததெல்லாம் ஒரு பெட்டியின் மரப் பின்புறம். இப்போது தண்டவாளம் மட்டும் வெயிலில் பளபளத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதற்கு அப்பால் வயல், ஆடு, கிராமம், எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு கோடு போலக் கடல். அவன் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தான். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

ஹேடன் பாதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். வளைவு வருகிறது, பாலம் வருகிறது, அடுத்த சிக்னல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முதலில் எல்லாவற்றோடும் மெதுவாக, மெதுவாக என்று சேர்த்துக்கொண்டான். கேயின் சின்னச் சக்கரங்கள் அந்த வேகத்தில் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தகரமும் குழாயும் கலகலவென்று ஆடின. மெர்வினின் தேநீர்க் குவளை தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது. ஆனால் நீராவி மட்டும் குறையவில்லை. சமவெளி வந்ததும் ஹேடன் கடிகாரத்தைப் பார்த்தான், எம்ரிஸைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தெற," என்றான்.

"தாங்குமா மச்சான் ரோடு?"

"ரோடு தாங்கும். உன் குண்டுச்சட்டி தாங்குமா, அதச் சொல்லு."

எம்ரிஸ் திறந்தான். மெர்வினுக்கு ஒரு ஆளாக ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போது ஹேடன் கையிலிருந்த பட்டுத்துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, சுத்தியலை எடுத்துக் கரியை உடைக்க ஆரம்பித்தான். உடைத்து உடைத்து மெர்வினின் கரி அள்ளும் கரண்டிக்குத் தள்ளினான். பாதையை மட்டும் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தான். வழிநெடுக ஸ்டேஷன்களில் போர்ட்டர்கள் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். ஒரு லெவல் கிராசிங்கில் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் எம்ரிஸ் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வாயில் கரித்தூள் புகுந்தது. துப்பிவிட்டு மறுபடியும் சிரித்தான். பின்னால் பெட்டிகளுக்குள் பாட்டு தொடங்கியிருந்தது. சக்கரச் சத்தத்துக்கு நடுவே கீழ்க்குரல்கள்தான் அவனுக்கு எட்டின.

கண்ணாடிக் கூரை போட்ட பெரிய ஸ்டேஷனுக்குள், பச்சைப் பச்சையாக நின்ற எக்ஸ்பிரஸ் இன்ஜின்களுக்கு நடுவே, மூக்கெல்லாம் கரி அப்பிய கே வகுப்பு நுழைந்து தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்றது. ஸ்டேஷன் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மண்டபம் எதிர்த் தெருவில்தான்.

அங்கே தண்டவாளம் முடிகிற பக்கம்தான் வெளியே போகிற வழி. ஆகவே இறங்குகிற அத்தனை பேரும் இன்ஜினைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது ஜனங்களின் வழக்கம். எம்ரிஸுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே மறந்துபோயிருந்தது. கையில் கந்தையை வைத்துத் துடைத்தபடி கீழே இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். முன்னால் வந்தவர்கள் பழக்கத்தில் ஹேடனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். ஹேடனின் முகம் முழுக்கக் கரி, பல் மட்டும்தான் வெள்ளை.

"என்னப் பாக்காதீங்க," என்றான் அவன் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி. "ஓட்டினது என் மாப்பிள்ளை."

பிறகு வரிசையாக வந்தார்கள். நாவிதர் நன்றி சொன்னார். வாத்தியார் நின்று கையைக் குலுக்கினார். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு சுருட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார். எம்ரிஸ் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பெண்கள் கூட்டமாகப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நடுவில் நெஸ்டா. மற்றவர்கள் தாண்டிப்போக, அவள் மட்டும் நின்றாள். மூச்சு வாங்கியது. ஒரு நொடி அவனைப் பார்த்தாள், பிறகு அவனைத் தாண்டி இன்ஜினைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வலது உள்ளங்கையை அகல விரித்து வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்திருக்கும். அவன் பதறிப்போய், "நெஸ்டா, கையுறை," என்றான்.

"தெரியுது," என்றாள். கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிறகு ரொம்ப மரியாதையாகத் தலையைச் சாய்த்து, "நன்றிங்க டிரைவர்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மேடையில் பெயர் வாசிக்க ஆரம்பித்திருப்பார்களோ என்னவோ. வாசல் அருகே பெண்கள் ஒரு தடவை திரும்பி நின்று, எல்லோருமாகக் கையைத் தூக்கி ஆட்டினார்கள். அத்தனை வெள்ளைக் கைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது.