எண்ணெயைக் காய வை

காஜா பேராங் வட்டாரத்தில் கணேசமூர்த்தியின் பசைக் கொட்டகைக்கு ஏழு வருஷமாக நல்லையாதான் ராஜா. ரப்பர்க் கொட்டை எண்ணெயோடு மஞ்சள் நிற ரசாயன உப்பும், நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும் டர்பண்டைனும் அவன்தான் கலப்பான். படக் கண்ணாடிகளைச் சட்டத்தில் ஒட்டுகிற பசை அது. நிழலில் பத்து நாள் கூழாகவே கிடக்கும், வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்தால் பதமாகும், நாள் முழுக்க விட்டால் கல்லாக இறுகிவிடும்.

அந்த ராஜாங்கத்தில் மண் விழுந்தது. "மெர்டேகா சுதந்திர விழா முடிஞ்சதும் கொட்டகைக்கு ஒரு ஆளு போதும்," என்று சொல்லிவிட்டார் முதலாளி. சமையல் வேலையை விட்டு வந்து மூன்றே வாரமான ருக்மணி ஒட்டிய சட்டங்களைத்தான் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லையாவுக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, கலவை வேலையை மட்டும் அவளுக்கு அவன் காட்டியதே இல்லை.

மறுநாள் விடியலிலிருந்தே மழை. டர்பண்டைன் கலந்த டின்னை அவள் முன் வைத்தான். அக்கம்பக்கத்தார் காதிலும் விழும்படி, "ருக்மணி, எண்ணெயைக் காய வை," என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான். அடுப்படியிலேயே கிடந்தவளுக்கு அதற்கு வேறென்ன அர்த்தம்? சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

குப்பென்று பிடித்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின. அலறல் காப்பிக்கடை வரை கேட்டது. மிச்சக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். அட, மனுசனா அவன்!

நாலாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட கைகளோடு ருக்மணி வந்து நின்றாள். முதலாளி விசாரித்தார்.

"நான் வெயில்ல காய வைக்கத்தான் சொன்னேன் முதலாளி," என்றான் நல்லையா. "இவ சமையக்காரி புத்தியைக் காட்டிட்டா."

ருக்மணி மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு மழைண்ணே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? முதலாளி நல்லையா பக்கம் திரும்பினார்.

"கொட்டுற மழையில வெயில்ல வைக்கச் சொன்னியா? அப்ப நீ முட்டாள். அடுப்புல வைக்கச் சொன்னியா? அப்ப நீ கொலைகாரன். ரெண்டு பேருமே எனக்கு வேணாம்லா. கிளம்பு."

நல்லையா காலில் விழுந்தான். முதலாளி காலை இழுத்துக்கொண்டார். ருக்மணியின் முகம் மலர்ந்தது. அதையும் அவர் பார்த்தார்.

"நீ ஏன் சிரிக்கிற? இந்தக் கைய வச்சு என்ன செய்வ? நீயும் கிளம்பு. நாளைக்குத் தெங்கேராவுலருந்து புது ஆளு வருது. நீ தங்கியிருக்கிற பின்னறை அவனுக்கு வேணும்."

பின்னறையில் இருந்த தன் தகரப் பெட்டியை அவளால் எடுக்கக்கூட முடியவில்லை.

"தூக்குங்கண்ணே," என்றாள் நல்லையாவிடம். "பஸ்ஸு வரைக்கும்."

தூக்கினான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.