பெல் தெருவில் பதில் வராத வீடு

கறுப்பினத் தலைவர் கிங் பிறந்தநாள் ஊர்வலம் என்றாலே ஆர்னெட்டாவுக்கு முதுகிலும் கண் முளைத்துவிடும். அலபாமாவின் பர்மிங்காமில், பெல் தெருக்காரர்களின் ஊர்வலத்தை வருஷாவருஷம் முன்னின்று நடத்துகிறவள் அவள்தான். இந்த வருஷம் அவள் பார்வை முழுக்க ஒருத்தன் மேலேயே இருந்தது.

புதுக் கோட்டு, பளபளக்கும் ஷூ. அவனும் கறுப்பினத்தவன்தான், ஆனால் ஒரு பாட்டுக்கும் வாய் அசையவில்லை. கையில் போன். மனுஷர்களைப் படம் எடுத்தால் போகிறது என்று விடலாம். இவன் வீடுகளை அல்லவா எடுத்துக்கொண்டிருந்தான்! கூரை, படிக்கட்டு, பக்கத்துச் சந்து, ஒன்றையும் விடவில்லை.

"கம்பெனி ஆளு. அடிச்சு சொல்றேன்," என்றாள் பக்கத்தில் நடந்த தோழி வெர்னிஸிடம்.

"உனக்கு யாரப் பாத்தாலும் கம்பெனி ஆளுதான். போன வாரம் தபால்காரனையே துரத்தின."

"அவன் என் வீட்டுக் கூரைய அண்ணாந்து பாத்தான்டி!"

சிரிக்கிற விஷயமா இது? அடுக்குமாடி கட்டும் கம்பெனி ஒன்று தெருவையே வளைத்துப்போடப் பார்க்கிறது. ஒரு வீடு கைமாறினால் போதும், எல்லா வீட்டுக்கும் வரி ஏறிவிடும், மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் யாரும் விற்பதில்லை என்று தெருவே தேவாலயத்தில் கைகோத்துச் சத்தியம் செய்திருந்தது. செய்துவைத்தவர் தேவாலயப் பெரியவரான டீக்கன் லூஷியஸ் பெட்டிஃபோர்ட். ஆர்னெட்டாவுக்குத் தன் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

டீக்கன் இன்று எல்லோருக்கும் முன்னால் ஊர்வலம் புறப்படும் தேவாலயத்துக்கு வந்து, பதாகையின் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டார். மறு கழி ஆர்னெட்டாவிடம். இந்த வயதிலும் என்ன பற்று மனுஷனுக்கு என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

புதியவனைச் சும்மா விட அவளுக்கு மனசில்லை. "தம்பி, இங்க வா. நீ யார் வீட்டுப் பிள்ளை?"

"அட்லாண்டாம்மா. பேரு கெல்வின்."

"ஊரு பேரு யார் கேட்டா? உன் ஆளுங்க யாரு?"

அவன் சிரித்து மழுப்பினான். "ஏம்மா, பாதிப் பேர் நடக்காம அவங்கவங்க வீட்டு வராந்தாவுல நிக்கிறாங்களே?"

"அது எங்க வழக்கம். வீட்டுப் பேரச் சொல்லி நான் கூப்பிடுவேன். 'வந்தோம்'னு குரல் குடுத்துட்டு இறங்கி வருவாங்க. அந்தக் காலத்துல, உரிமை கேட்டு ஊர்வலம் வந்தா வேலை போயிரும்னு தெரிஞ்சும் எங்க பெரியவங்க அப்படித்தான் வந்தாங்க."

"அட, நல்லாருக்கே!" என்று அதையும் போனில் குறித்துக்கொண்டான். ஆர்னெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெக்லேன் வீடு!"

"வந்தோம்!"

"ஃபிட்ஸ் வீடு!"

"வந்தோம்!"

வீட்டுக்கு வீடு கூட்டம் பெருத்தது. அவள் பார்வை போனை விட்டு நகரவில்லை.

"பெட்டிஃபோர்ட் வீடு!"

சத்தமே இல்லை.

"டீக்கன்தான் இங்க நிக்கிறாரே, பூனையா வந்து பதில் சொல்லும்?" என்றாள் வெர்னிஸ். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆர்னெட்டாவும் சிரித்தாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மனைவியை அடக்கம் செய்த வருஷம்கூட இந்த மனுஷர் தன் வராந்தாவிலிருந்துதான் இறங்கி வந்தார்.

"டீக்கன், ஏன் இன்னிக்கி உங்க வராந்தாவுல நிக்கல?"

அவர் கழியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் கெல்வின் குடுகுடுவென்று படியேறி, அந்த வராந்தாவில் நின்று கையை உயர்த்தினான். "வந்தோம்! இப்ப இது எங்க கம்பெனி வீடு. நாங்களும் கலந்துக்கிறோம்!" ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

பாட்டு நின்றுவிட்டது. வெர்னிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனைப் பற்றி ஆர்னெட்டா நினைத்தது சரிதான். காலையிலிருந்து அவனையே காவல் காத்தவள், பக்கத்துக் கழியைப் பிடித்திருந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தனியா முடியல, ஆர்னெட்டா," என்றார் டீக்கன் தணிந்த குரலில். "மக சிகாகோவுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இன்னிக்கி முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்..."

"சத்தியம் பண்ணிவச்சது நீங்க."

"நட தாயி. ஜனங்க நிக்குது."

அடுத்தது ஆர்னெட்டாவின் வீடு. அவள் மகள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அம்மா கூப்பிடட்டும் என்று வராந்தாவில் காத்திருந்தாள். ஆர்னெட்டா கூப்பிடவில்லை. அவள் டீக்கன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு சிகாகோ இருக்கு. என்னை எங்க நடக்கச் சொல்றீங்க, டீக்கன்?"