ஈரத்தில் போட்ட தேதி

கந்தப்பளைக் குளிரைத் தெரியாதவன் அங்கே சிமெந்து வேலைக்குப் போகக்கூடாது. பழனியாண்டிக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். தெரியாதவன் செய்திருந்தால் சாமிகூட மன்னித்துவிட்டிருக்கும்.

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் மூன்று வருசம் கிடந்து வேலை பழகினவன் அவன். கலவை சுமக்கப் போனவன் கலவையின் குணத்தைப் படித்துக்கொண்டு வந்தான். சிங்களமும் அங்கேதான் படித்தது. அணை முடிந்ததும் ஊர் திரும்பி, கந்தப்பளைக் கடைவீதிக்கு மேலே ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டான். துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, கல்லறைப் பலகை என்று எது கேட்டாலும் வார்த்துக் கொடுப்பான். அதிகம் போனது தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயங்களின் கக்கூஸ்களுக்கான கல்தான். குழிக்கு மேலே போடுவது. நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் கால் வைக்க மேடு. கேட்டால் சிரிப்பு வரும். அதில் உட்காருகிறவர்களுக்குக் கீழே பன்னிரண்டு அடிக் குழி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் வந்த சிரிப்பு போய்விடும்.

ஆறு வருசம் தனியாளாகவே செய்தான். மணல் சலிப்பதும் அவன், கம்பி கட்டுவதும் அவன், கலவை பிசைவதும் அவன். வார்த்த கல்லை ஈரச் சாக்கால் மூடி, அதற்கு மேலே மானாப்புல்லைப் பரப்பி, இருபத்தோரு நாள் காவல் கிடப்பான். அவசரப்படுகிறவர்களிடம் ஒரே பேச்சுத்தான்.

"புள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி மாதிரிங்க இது. குளிரு படக்கூடாது, அசைக்கக்கூடாது. இருவத்தோரு நாளு கழிச்சு வாங்க."

கல்லைக் கவிழ்த்துத்தான் வார்ப்பது. வார்த்த அன்றைக்கே, ஈரம் காயுமுன்னே, மேலே தெரிகிற அடிப்பக்கத்தில் ஆணியால் தேதி கீறிவிடுவான். "தேதிய பாத்து எடுங்க. ஒரு நாளு கொறஞ்சிருந்தாலும் எம் மூஞ்சில எறிங்க" என்பான். இந்தப் பேச்சுத்தான் அவன் தொழிலுக்குப் போட்ட முதல். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் கொட்டகைக்கு வந்தால் கல்லைத் தட்டிப் பார்க்கமாட்டார்கள். தேதியைப் பார்த்து லொறியில் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

வேலை பெருகியது. இரண்டு கை போதவில்லை. நோட்டனில் கூட வேலை பார்த்த சூசைரட்ணத்தை முதலில் கூட்டிக்கொண்டான். வேதக்கார ஆள், பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் தேதி கீறுகிற ஆணி அவன் கைக்குப் போயிற்று. பிறகு கலவைக்கு வீரய்யாவும் அவன் தம்பி செல்லசாமியும் வந்தார்கள். சாக்குக்குத் தண்ணீர் ஊற்ற ராக்காயி வந்தாள். நெஞ்சு நோயோடு லயத்தில் கிடந்த புருசனை வைத்துக்கொண்டு, கொழுந்து எடுக்க மலை ஏறமுடியாமல் வந்தவள்.

முதல் நாள் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றபோது பழனியாண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தான். நேற்றுவரை கொத்தனார் என்ற மட்டில் 'டேய் பாஸ்' என்று கூப்பிடப்பட்டவன், இப்போது நாலு பேருக்கு அண்ணன். ஐந்து வீட்டு அடுப்பு ஒரு கொட்டகையை நம்பி எரிகிறது. அந்தச் சந்தோசம் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐம்பத்தொன்பதாம் வருசம் பிறக்கிற சமயம், சூசைரட்ணம் குடியிருக்கிற தோட்டத்திலிருந்தே பெரிய ஓடர் வந்தது. இருநூறு கல். சுகாதாரத்து ஆட்கள் லயங்களைப் பார்க்க வருகிறார்கள். பெப்ரவரி பத்தாம் தேதி கல் வந்து இறங்கவேண்டும். சொன்னபடி கொடுத்துவிட்டால் பக்கத்து மூன்று தோட்டத்து ஓடரும் இவனுக்குத்தான். கொடுக்காவிட்டால் நுவரெலியாவிலிருந்து வேறு ஆள் வருவான்.

இந்த நேரம் பார்த்து ராக்காயியின் புருசன் செத்துப்போனான். பதினாறாம் நாள் கருமாதி. பழனியாண்டி யாரையும் கேட்காமல் கொட்டகையை மூடினான். ஞாயிற்றுக்கிழமைகூட மூடாத கொட்டகை அது. சூசைரட்ணம் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்து கலவை பிசைவான். அன்றைக்கு ஐந்து பேரில் ஒருவரும் சிமெந்தைத் தொடவில்லை. ராக்காயி வீட்டு வாசலில் பந்தல் கட்டினான் வீரய்யா. அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து கொண்டுபோய் இறக்கினான் பழனியாண்டி. ராக்காயி அவன் காலில் விழுந்தாள். "என்ன புள்ள இது, எந்திரி எந்திரி" என்று பதறினான். அது ஜனவரி பத்தொன்பது.

கீறல் விட்ட கல்லையெல்லாம் கழித்து, பெப்ரவரி இரண்டாம் தேதி எண்ணிப் பார்த்தால் முப்பது கல் குறைகிறது. விடியற்காலையில் உருளைக்கிழங்குத் தோட்டமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பனி உறைந்து கிடந்த நாட்கள் அவை. முப்பது கல்லையும் வார்த்து முடித்ததும் சூசைரட்ணம் ஆணியை எடுத்துக்கொண்டு குந்தினான்.

"என்ன தேதி போடண்ணே?"

தினமும் கேட்பதுதான். தினமும் "இன்னைக்குத் தேதி, வேற என்ன" என்றுதான் பழனியாண்டி சொல்வான். அன்றைக்குச் சொல்லவில்லை. பத்தாம் தேதியிலிருந்து பின்னுக்கு விரல் மடக்கி எண்ணினான்.

"பத்தொம்பது போடு. போன மாசம்."

சூசைரட்ணம் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, இன்னைக்கு ரெண்டாந் தேதிங்க."

"எனக்குத் தெரியாதா? தேதிய பாக்காம கணக்கப்பிள்ள ஏத்துவாரா? முப்பது கல்லுக்காக மூணு தோட்டத்து வேலய விடச் சொல்றியா?"

"பனி கொட்டுதேண்ணே. உள்ள புடிக்காம போயிருச்சின்னா?"

"குழி மேல போட்டப்பறமும் காயத்தான் போவுது. அஞ்சு குடும்பத்த நெனச்சுப் பாரு. எழுதுடா."

ஆசை யாரை விட்டது? சூசைரட்ணம் எழுதினான். முப்பது தடவை, முத்து முத்தாக. விரல் மடக்கி எண்ணின பழனியாண்டிக்கு, அந்தப் பத்தொன்பதாம் தேதி தான் யார் வீட்டில் அரிசி இறக்கினோம் என்ற நினைப்பே வரவில்லை. உடனே சாக்கைப் போட்டு மூடினார்கள். ராக்காயி சாக்கின் மேல் தண்ணீர் ஊற்றினாள். சாக்கைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பத்தாம் தேதி லொறி வந்தது. கணக்கப்பிள்ளை தேதியைப் பார்த்தார், தலையாட்டினார், ஏற்றினார். அதில் ஒரு கல் சூசைரட்ணத்தின் லயத்துக்கே போயிற்று. அவன் வீட்டில் சொல்லிவைத்தான்: "பதினைஞ்சு நாளைக்கு யாரும் புது கக்கூஸுக்குப் போகாதீங்க." ஏன் என்று பெண்சாதி டோரீன் கேட்டதற்கு, "சொன்னாக் கேளேன்" என்றான். எப்படிச் சொல்வான் காரணத்தை?

எட்டு வயசு மகள் பெற்றீசியா. புதுக்கல் வழவழவென்று இருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் போகிறார்களாம். பதினைந்தாம் தேதி விடிகாலை மூடுபனியில் எழுந்து போனாள். பனி தின்ற கல். கம்பி இருந்து என்ன, கம்பியைப் பிடிக்கவேண்டிய சிமெந்து பிட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்து, கயிறு தேடி, ஏணி தேடி, அவளை மேலே தூக்கினபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஐயோ, அந்தப் பிள்ளையைக் கழுவுவதற்கு டோரீன் எத்தனை வாளித் தண்ணீர் கேட்டாள் தெரியுமா?

மறுநாள் தோட்டத்து ஆபீஸ் விறாந்தையில் மரண விசாரணை. விசாரிக்க வந்த அதிகாரி சிங்களவர், வயசானவர், சாந்தமாகப் பேசினார். மொழிபெயர்க்கவேண்டிய கிளாக்கர் உள்ளே துரையோடு இருந்தார். பழனியாண்டிக்குச் சிங்களம் வரும் என்று தெரிந்ததும் அதிகாரிக்கு வேலை சுலபமாயிற்று, அவனையே பேசவிட்டார். உடைந்த கல்லின் துண்டுகள் மேசையடியில் கிடந்தன. ஒரு துண்டில் மட்டும் தேதி முழுசாக இருந்தது. 19-1-59.

பழனியாண்டி அந்தத் துண்டைக் காட்டினான். "இருபத்திரண்டு நாள் ஆன கல்லுங்க ஐயா. நான் எப்போதும் தேதி போட்டுத்தான் கொடுப்பேன், கணக்கப்பிள்ளையைக் கேளுங்க. மழையிலே குழியோரத்து மண் சரிந்திருக்கு, கல் அதனாலே உடைந்திருக்கு" என்று சிங்களத்தில் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் கை நடுங்கும். இவனுக்கு நடுங்கவில்லை. தன்னுடைய பேரும் கொட்டகையும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது, இல்லையென்றால் ஜெயில், என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றான்.

"தேதி எழுதினது யார்?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்க" என்றான் சூசைரட்ணம். நோட்டனில் இருந்தவனுக்கும் சிங்களம் தெரியும்.

"அன்றைக்கு வார்த்த கல்தானா?"

சூசைரட்ணம் பழனியாண்டியைப் பார்த்தான். 'நீங்களே சொல்லுங்கண்ணே' என்கிற பார்வை அது. பழனியாண்டி தரையைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் சூசைரட்ணம், தான் பெற்ற பிள்ளையைக் கொன்ற பொய்யைத் தன் கையால் எழுதினதாக ஒத்துக்கொள்ளவேண்டும். பக்கத்தில் டோரீன் நின்றாள். சூசைரட்ணம் தலையை மட்டும் அசைத்தான். ஆமாம் என்றும் சொல்லலாம், அழுகிறான் என்றும் சொல்லலாம். அதிகாரி ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராக்காயி முன்னால் வந்தாள். எழுத்துத் தெரியாது அவளுக்கு. ஆனால் இருபது வருசம் கொழுந்து நிறுத்தவள், இலக்கம் தெரியும். துண்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது பத்தொம்பது. இதெப்படிங்க? பத்தொம்பதாந் தேதி எம்புருசன் கருமாதி. அன்னிக்கு ஒருத்தரும் வேல செய்யல. கொட்டக மூடிக் கெடந்துச்சு. அண்ணந்தான் மூடுனாரு. அரிசி கொண்டாந்தாரு. அண்ணே, சொல்லுங்கண்ணே, அன்னிக்கு யாரு கல்லு வாத்தது?"

அவள் குற்றம் சாட்டவில்லை, பாவி. நிசமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பழனியாண்டியின் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா என்ன சொல்கிறாள்?"

சொல்லிவிடலாம். நாலே நாலு வார்த்தை. 'கல் பச்சை. தேதி பொய்.' வாயைத் திறந்தபோது அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அவனே நினைத்தான்.

"போன மாதம் இவள் புருசன் செத்துட்டான் ஐயா. பிள்ளையைப் பார்த்ததும் அந்தத் துக்கம் வந்துவிட்டது. அதைத்தான் சொல்லி அழுகிறாள்."

"பாவம்" என்றார் அதிகாரி. ராக்காயியைப் பார்த்து இரக்கமாகத் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து எழுதினார். மழையினால் மண் சரிந்து நேர்ந்த விபத்து.

தான் சொன்னதுதான் எழுதப்படுகிறது என்று நினைத்து ராக்காயி கைகட்டி நின்றாள். சூசைரட்ணத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவன் பழனியாண்டியைப் பார்க்கவில்லை. டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மூன்று தோட்டத்து ஓடரும் வந்தது. ஆம், வந்தது! கடிதம் கொட்டகைச் சுவரில் ஆணியில் குத்திக் கிடந்தது.

எட்டு நாள் கழித்து ஒரு காலையில் சூசைரட்ணம் கொட்டகைக்கு வந்தான். வீரய்யாவும் செல்லசாமியும் ராக்காயியும் பின்னாலேயே வந்தார்கள். விறாந்தையில் நடந்ததை ராக்காயிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சூசைரட்ணம் தானே ஒரு அச்சு அடித்தான், மூன்றடி நீளத்தில். வீரய்யா மணல் சலித்துக் கொடுத்தான். பிள்ளையின் கல்லறைக்குக் கல். கலவையை ஊற்றி, கரண்டியால் மூன்று தடவை வழித்து மட்டம் பார்த்தான். கடைசியில் ஆணியை எடுத்துக்கொண்டு குந்தினான்.

"என்ன தேதி போடண்ணே?"

பழனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுங்கண்ணே. இன்னைக்குத் தேதியே போடலாமா, இல்ல வேற எதுவும் போடணுமா?"

"சூச, என்ன மன்னிச்சிருடா."

"தேதிய கேட்டேண்ணே."

"இன்னைக்குத் தேதி" என்றான் பழனியாண்டி.

சூசைரட்ணம் எழுதினான். ஈரச் சாக்கை மூடினான். மானாப்புல்லைப் பரப்பினான். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் வேறு கல் வார்க்கவில்லை. கலவைக்கு ஆள் வரவில்லை. புது ஆள் கேட்டுப் போன இடத்தில் யாரும் முகம் கொடுக்கவில்லை. ராக்காயி மட்டும் தினமும் இரண்டு வேளை வந்தாள். அந்த ஒரே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவனைப் பார்க்காமல் போனாள். இருபத்தோரு நாளும் அவன் அதை வைத்துக்கொண்டு காவல் கிடந்தான். பனி கொட்டின இரவுகளில் தன் கம்பளியையும் எடுத்து அதன் மேல் போட்டான். என்ன பிரயோசனம்?

இருபத்திரண்டாம் நாள் காலை நான்கு பேரும் வந்தார்கள். சூசைரட்ணம் கம்பளியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தான். சாக்கை நீக்கி, கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கணீரென்றது. நல்ல கல்.

ஒரு மூலையை அவன் பிடித்தான். இரண்டு மூலையை அண்ணன் தம்பி பிடித்தார்கள். நாலாவது மூலைக்குப் பழனியாண்டி குனிந்தான்.

"விடுங்கண்ணே" என்றாள் ராக்காயி. "நாங்க நாலு பேரு இருக்கோம்."

அவள் அந்த மூலையைப் பிடித்துத் தூக்கினாள். ரோட்டைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் அவர்கள் கல்லோடு போவதைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆணி கலவைப் பலகையின் மேல் கிடந்தது.