தோளில் நான்கு விரல்

வீராசாமியின் அறுபதாம் கல்யாணப் படம் கண்ணாடி போட்டு வந்தபோது, அதை முதலில் கையில் வாங்கியவள் இளைய மருமகள் வேம்புலியம்மாள். வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பூந்தமல்லியில் ஜன்னல் வைப்பதே அதற்குத்தானே.

படத்தின் நடுவே மாலையும் கழுத்துமாக மாமனார் வீராசாமி, பக்கத்தில் மாமியார் பொன்னியம்மா. அவர்கள் காலடியில், மூத்த மருமகள் சொர்ணத்தின் மகள் ராணி பாவாடையை விரித்துப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வலது ஓரத்தில் வேம்புலியம்மாள். ஆனால் அவளுக்கே ஒரு காதும் அந்தக் காதில் இருந்த கம்மலும் போய்விட்டிருந்தன. அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற மகள் வடிவு இல்லவே இல்லை. சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. அம்மாவின் முதுகை வளைத்துப் போட்டிருந்த கையின் நான்கு விரல்கள் மட்டும், ஆள் இல்லாமல், தோளில் உட்கார்ந்திருந்தன.

வேறு நேரமாக இருந்தால் காது போனதற்கு மட்டும் ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும். இப்போது விஷயம் பெரிது: வடிவின் கல்யாணம். திருவேற்காட்டு தசரதன் வீட்டில் ஒரே மகன் ஆனந்தன், ரயில்வேயில் குமாஸ்தா. "பெண்ணை மட்டும் தனியாகப் படம் பிடித்து அனுப்பினால் நாலு பேர் பேசுவார்கள். குடும்பப் படமாக அனுப்புங்கள், அதிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்த வீட்டம்மாள் நாகம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தப் படம் போனால் அவர்கள் பார்க்கப்போவது யாரை? காலடியில் பாவாடை விரித்தவளைத்தானே!

'அந்தச் சொர்ணம் வேலதான்' என்று வேம்புலியம்மாள் முடிவுகட்டிவிட்டாள். முடிவுகட்ட அவளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று ஊரறிந்தது: படம் எடுத்த உலகநாதன் சென்னீர்குப்பத்துக்காரன், சொர்ணம் பிறந்ததும் அதே ஊர். இன்னொன்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. எனக்கெப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

படம் எடுத்த அன்று சொர்ணம் புதுக் காசுமாலை போட்டிருந்ததால், அவளுடைய கெம்பு அட்டிகை பீரோவில் சும்மா கிடந்தது. பீரோ சாவி அரிசிப் பானைக்குள் இருப்பது வேம்புலியம்மாளுக்குத் தெரியும். எல்லாரும் வரிசையில் நின்று கேமராவையே பார்க்கத் தொடங்கிய பிறகு, கடைசி ஆளாக வடிவை இழுத்துவந்து வலது ஓரத்தில் நிறுத்தினாள். சொர்ணம் நின்றது இடது ஓரம், தன் கணவர் மவுண்ட் ரோட்டில் வாங்கிவந்த கிராமபோன் பெட்டிக்குப் பக்கத்தில். இரண்டு ஓரத்துக்கும் நடுவே பதினேழு தலைகள். படம் எடுத்து முடிந்து இலை போடுவதற்குள் அட்டிகை பீரோவுக்குத் திரும்பிவிட்டது.

'பாத்துட்டா. பாத்துட்டுத்தான் ஓரத்தை வெட்டச் சொல்லியிருக்கா' என்று அன்று முழுக்க அவளுக்கு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. சொர்ணம் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் இன்னும் பயமாக இருந்தது. சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா வேம்புலி?" என்று சொர்ணம் கேட்டதில்கூட ஏதோ இருந்தது.

மறுநாள் காலையில் துலுக்கானத்தின் வண்டியைக் கட்டச் சொல்லி, படத்தைப் புடவையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு உலகநாதன் கடைக்குப் போனாள்.

"இன்னா அண்ணாத்தே, என் பொண்ணு எங்க?"

உலகநாதன் பயந்துபோய்த் தெருவைப் பார்த்தான். "எந்தப் பொண்ணும்மா? இங்க யாரும் வர்லியே!"

"படத்துல எங்கன்னு கேக்கறேன். எவ சொல்லி வெட்டுன? சென்னீர்குப்பத்துச் சொந்தமா?"

"ஐயோ, என் தகட்டுல எல்லாரும் கீறாங்கம்மா. வந்து பாருங்க."

அவன் உள்ளேயிருந்து நீளமான கண்ணாடித் தகட்டை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தான். வேம்புலியம்மாள் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, வெள்ளைத் தலைமயிரும் கரிய முகமுமாக, குடும்பம் மொத்தமும் பேய் பிடித்தது போல நின்றது. ஓரத்தில் கறுத்த முகத்தோடு வடிவு. கழுத்தில் அட்டிகை இருந்த இடம் வெளிறித் தெரிந்தது.

"தோ பாருங்க. இந்தக் கண்ணாடி மேல காகிதத்தை வெச்சு அழுத்தி வெயில்ல காட்டுவேன். தகடு எவ்ளோ பெருசோ படமும் அவ்ளோ பெருசு. ஒரு நூல் போவாது."

"அப்ப போனது எப்படி?"

உலகநாதன் அவள் மடியிலிருந்த படத்தின் மரச்சட்டத்தை விரலால் தட்டினான். "இது யார் குடுத்து அனுப்புனது?"

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற துலுக்கானம், கேட்காமலே பதில் சொன்னான். "நம்ப அம்மாதான். நான்தானே கொணாந்து குடுத்தேன். 'சட்டம் என் செலவு, இதுலதான் போடணும்'னு சொல்லச் சொன்னாங்களே."

உண்மைதான். திருவேற்காட்டுக் கோயில் வாசல் கடையில் வேம்புலியம்மாள் அம்மன் படத்தோடு மலிவாக வாங்கிய சட்டம் அது. அம்மனைக் கழற்றிப் பூஜை அலமாரியில் ஒட்டிவிட்டு, சட்டத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். குடும்பப் படத்துக்குத் தன் கையால் ஏதோ செய்ததாக இருக்கட்டும் என்றுதான். அம்மன் ஒருத்தி உட்கார அந்தச் சட்டம் போதும். பத்தொன்பது பேர் வரிசையாக நிற்க எப்படிப் போதும்?

"பெரியவரு நடுவுல வரணுமில்ல? அதான் ரெண்டு பக்கமும் சமமா வெட்டுனேன். அந்தப் பக்கமும் கிராமபோன் பெட்டி போய்டிச்சி. சொர்ணக்கா இன்னா சொல்லப்போறாங்களோன்னு எனக்கே பயமா கீது."

வேம்புலியம்மாள் படத்தை மறுபடி புடவையால் மூடினாள். தன் தவறைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. அவள் சுபாவம் அப்படி.

"சரி, வேற போடு. ரெண்டு. முழுசா. ஒரு நூல் கொறையக் கூடாது."

"சட்டத்துக்குள்ள போனாலே மரம் சுத்திலும் கொஞ்சம் முழுங்கிடும்மா. அதனால படத்தைப் பெரிய அட்டைல ஒட்டி, நாலு பக்கமும் ரெண்டு விரல் வெள்ளை வுடறேன். மரம் வெள்ளையத்தான் முழுங்கும். சட்டத்தை அளவு குடுத்து ஆசாரிகிட்ட செஞ்சிக்கலாம்."

"ஒண்ணு நேரா திருவேற்காடு போவட்டும். இன்னொண்ணை என் கைலதான் குடுக்கணும். வேற யார் கைலயும் இல்ல!"

திருவேற்காட்டுப் படம் சொன்னபடி போயிற்று. வீட்டுப் படத்தைத்தான் உலகநாதன், வேம்புலியம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து சொர்ணத்தின் கையில் கொடுத்துவிட்டான். சொந்த ஊர்ப் பாசம். வேம்புலியம்மாள் திரும்பி வந்தபோது படம் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. சொர்ணம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்புலியம்மாள் தேங்காய் மூடியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வேம்புலி, இங்க வா. எவ்ளோ ஜோரா வந்துகீது பாரேன்!" என்றாள் சொர்ணம். அவள் விரல் இடது ஓரத்தில் இருந்தது. "பெட்டில எழுதுன இங்கிலீசு எழுத்துகூடத் தெரியுது. மொதல்ல வந்ததுல பெட்டியே இல்ல. நீதான் சொல்லி வெட்ட வெச்சியோன்னு, மனசுல ஒண்ணு வெச்சிகினு இருந்தேன். தப்பா நெனச்சுக்காதே."

"நானா? நான் ஏங்க்கா வெட்டப்போறேன்!" என்றாள் வேம்புலியம்மாள், நெஞ்சில் கை வைத்து.

அதன்பின் இருபது நாள் சொர்ணம் தினம் அந்தப் படத்துக்கு முன் நின்றாள். வந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள். எல்லாம் இடது ஓரம்தான். கிராமபோனைத் தாண்டி அவள் கண் நகரவே இல்லை. வேம்புலியம்மாளும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் தசரதனும் நாகம்மாளும் வந்தார்கள். வடிவைத்தான் பிடித்திருந்தது. வெற்றிலைத் தட்டு நகர்ந்தது. ஜாதகமும் பொருந்திவிட்டது. சொர்ணம் பலகாரத் தட்டோடு வந்தாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது நாகம்மாள் சொன்னாள்:

"இன்னொண்ணு சொல்லணும். நிச்சயத்துக்குப் பொண்ணு, படத்துல போட்டுகினு இருந்துச்சே அந்தக் கெம்பு அட்டிகை, அதையே போட்டுகினு வரட்டும். எங்க ஊட்டு ஜனங்க அதைப் பத்தித்தான் பேசிகினு கீறாங்க."



சொர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பினாள். வழக்கம்போலக் கிராமபோனில் தொடங்கினாள். ஆனால் இந்த முறை கண் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு தலையாக, மாமனாரைத் தாண்டி, ராணியைத் தாண்டி, வேம்புலியம்மாளின் இரண்டு காதுகளையும் தாண்டி, வலது ஓரத்துக்குப் போய் நின்றது. வேம்புலியம்மாள் கேட்டு வாங்கியபடியே, வெள்ளை விளிம்பு வரைக்கும் ஒரு நூல் குறையாமல் எல்லாம் இருந்தது. அட்டிகையில் கல்லை எண்ணலாம்.

சொர்ணம் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாகம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேஷா போட்டுகினு வருவா. அதுக்கின்னா!"

பிறகு ஓரகத்தியின் பக்கம் திரும்பி, வந்தவர்களுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, அன்பாகச் சொன்னாள்:

"சாவி எங்க கீதுன்னுதான் உனக்குத் தெரியுமே, வேம்புலி. நீயே எடுத்துக்கோ."