கழுவிய பத்து முட்டைகள்

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் மேனேஜர். ஒரு அட்டைப்பெட்டிக் கிடங்கில் இருபது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிடங்கை இழுத்து மூடியதும் தங்கையோடு எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்குக் குடிவந்தார். நாற்காலி போய்விட்டது, மேனேஜர் மட்டும் போகவில்லை. அதிகாரம் பண்ண ஆள் கிடைக்காமல் என் கோழிகளைப் பிடித்துக்கொண்டார்.

என்னிடம் ஆறு கோழி, ஒரு சேவல். பதினோரு வருஷமாக வளர்க்கிறேன். காலையில் கூண்டைத் திறந்து, குருணை இறைத்து, தண்ணீர் மாற்றுவேன். சாயங்காலம் எல்லாம் அடைந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவேன். மேனேஜருக்கு இது போதவில்லை. ஒவ்வொன்றின் காலிலும் வளையம் மாட்டி எண் போட்டார். கூண்டுக் கதவில் நேர அட்டவணை ஒட்டினார், கோழிகள் படித்துப் பார்த்து நடந்துகொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. சேவலுக்கு எண் கிடையாது, அவன் சூப்பர்வைசராம். மூன்றாம் நாளே சூப்பர்வைசர் அட்டவணையைக் கொத்திக் கிழித்துப் போட்டான். அன்றைக்கு அவனுக்கு ஒரு பிடி குருணை கூடுதலாகப் போட்டேன்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, நான் கோழி வளர்ப்பதில் ஒரு முறையும் இல்லை என்று தங்கையிடம் சொன்னார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. மூன்று மாதமாகக் கோழி வளர்ப்பு வீடியோ பார்க்கிற மனுஷன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தங்கை பிறகு சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போனதிலிருந்து அவர் கட்டிலை விட்டு எழுந்ததே இந்தக் கோழிகளால்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள், தப்புப் பண்ணினால் சொல்லிக்கொடு என்றாள். சரி என்றேன். வாயால்தான்.

அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் போனேன், பத்து நாள். திரும்பி வந்தபோது கறுப்பி அடைக்கு உட்கார்ந்திருந்தாள். என் கோழிகளில் அவளைப் போல ஒன்று இல்லை. போன தடவை பதினொன்று வைத்துப் பதினொன்றும் பொரித்தவள். மேனேஜர் என்னைப் பையைக்கூட வைக்க விடவில்லை. சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவளை ஓரமாகத் தூக்கிக் காட்டினார். அடியில் பத்து முட்டை, கண்ணாடிக் குண்டு மாதிரி பளபளவென்று.

"ஒரு அழுக்கு இருக்கா பாருங்கக்கா. நீங்க போன அன்னையிலேருந்து சேர்த்தது. சோப்பு போட்டு நாரால தேய்ச்சு, அப்பப்ப ஃப்ரிட்ஜ்ல அடுக்கிட்டேன். இன்னைக்குக் காலையிலதான் வச்சேன்."

கோழி வளர்க்கிற யாரும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடைக்கு வைக்கிற முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு இருக்கிறது, அது போனால் கிருமி உள்ளே போய்விடும். போதாததற்கு ஃப்ரிட்ஜ் குளிர் வேறு. அந்தப் பத்தில் ஒன்றுகூடப் பொரிக்கப் போவதில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பின்வீட்டுத் தையல்காரம்மாவும் கோழி வளர்க்கிறவள், அவளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே பத்து நல்ல முட்டை கொடுத்திருப்பாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கு மாப்பிள்ளை," என்றேன்.

மறைக்க என்ன இருக்கிறது? குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள் இந்த மனுஷனின் மூக்கு உடைபடுவதை நான் பார்க்க வேண்டும், தங்கையும் பார்க்க வேண்டும். அதற்காக இருபத்தொரு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு கஷ்டமா?

அவரும் என்னை ஏமாற்றவில்லை. குஞ்சுகளுக்குத் தண்ணீர்த் தட்டு வாங்கினார், தீவனம் வாங்கினார், குளிருக்கு பல்பு கட்டினார். தினமும் நாட்காட்டியில் ஒரு கோடு அடித்தார். பிறக்காத பத்துக்கும் எண் வளையம் தயார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் ரசித்தேன்.

கறுப்பியிடம் ஒரு குணம் உண்டு. அடையில் உட்கார்ந்தால் தானாக எழுந்து தின்ன மாட்டாள். தினம் ஒரு தடவை நான்தான் தூக்கி வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் காட்டுவேன். மேனேஜர் அதற்குத் தடை போட்டார். அடைக்கோழியைத் தொடவே கூடாது, வெளிச்சம் படக் கூடாது என்று எந்த வீடியோவிலோ சொன்னார்களாம். சாமான் அறைக் கதவைச் சாத்தியே வைத்தார். உங்கள் நிர்வாகம், நீங்களே பாருங்கள் என்று நானும் விட்டுவிட்டேன். எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். தட்டில் தீனி வைத்தது வைத்தபடி இருக்கும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இருபத்தோராம் நாள் தங்கை நாற்காலி போட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜரின் மூக்கும் உடையவில்லை. ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று. கறுப்பியின் கொண்டை வெளுத்துத் தொங்கியது, இறகெல்லாம் பேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு நாள், அவர் வாயாலேயே தோற்றேன் என்று சொல்லட்டும், அப்புறம் தூக்கிவிடலாம் என்று இருந்தேன்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கறுப்பி உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தாள். தூக்கினால் எடையே இல்லை. அவளுக்கு அடியில் பத்து முட்டையும் அன்றைக்கு வைத்த மாதிரியே இருந்தன. அவர் ஒன்றை எடுத்துத் தட்டினார், உள்ளே வெறும் தண்ணீர். அடுத்ததில் நாற்றம் குப்பென்று அடித்தது. ஆம்பளை, கண் கலங்கி நின்றார். எனக்கு அப்போதும் அவர்மேல் இளக்காரம்தான் வந்தது.

"எங்கக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். சோப்பு, நார், ஃப்ரிட்ஜ், சாத்திய கதவு, ஒன்று விடாமல். தங்கை வாசலில் வந்து நின்றது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அவர் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார்.

"நீங்க காட்டின அன்னைக்கே."

தங்கை என்னைப் பார்த்தாள். மேனேஜர் கறுப்பியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"என்னைப் பாத்து எப்ப வேணா சிரிச்சிருக்கலாமேக்கா. இது இருபத்தஞ்சு நாள் பட்டினி கெடந்தது முட்டைக்காக இல்ல. உங்களுக்காக."

அந்த மனுஷன் வாயிலிருந்து இதுவரை ஒரு சரியான வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் வந்தது. தங்கை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள், என்னைக் கூப்பிடவில்லை.