விதி பதினேழு

படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. வெறும் ஸ்ட்ரெச்சர்தான். அப்பா இன்னும் மேலே ஆறாம் மாடியில் கட்டிலில் இருந்தார். வேன் ஓட்டுநர் அதைப் பின்னுக்கு இழுத்தபடி, "ஆளோட இது திரும்பாதுக்கா. ஆளுங்க போற சின்ன லிஃப்ட்லயும் நுழையாது. அந்தச் சாமான் லிஃப்டத் திறக்கச் சொல்லுங்க" என்றார்.

மகள் காவலாளியைப் பார்த்தாள். அவர் சாவியைச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"விதி பதினேழும்மா. சாமான் லிஃப்ட்ல இறந்தவங்கள ஏத்தக் கூடாது. எழுத்துல உத்தரவு இல்லாம சாவி தரக் கூடாதுன்னு ஐயாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

ஐயா என்றால் அப்பா. பத்திரம் எழுதியே தலை நரைத்தவர். இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் விதிப் புத்தகத்தை எழுதியவரும் அவரே. மேல்வீட்டுக் குழாய் ஒழுகினாலும், வாடகைக்காரர் காலி செய்ய மறுத்தாலும் எல்லாரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அப்பாவுக்கு இனி எதுவும் சுடாது. சுட்டது அவளை.

காலையில் மூச்சு அடங்கியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. எட்டு மாதப் படுக்கை, எட்டு மாத முனகல். அந்த நிம்மதிக்காக வெட்கப்படக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

அவளுக்கு ஒரே பயம்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் மாடி டீச்சரின் கணவர் மாரடைப்பில் போனபோது, அப்பா புத்தகத்தோடு லிஃப்ட் வாசலில் நின்றார். கடைசியில் அந்த மனிதரை நாற்காலியில் வைத்துக் கட்டி, நாலு பேர் படி வழியாக இறக்கினார்கள். இன்று அப்பாவுக்கும் அதே நாற்காலி வந்துவிடக் கூடாது. இப்போது சங்கச் செயலாளர் அந்த டீச்சர்தான்.

ஐந்தாம் மாடிக்குப் போய் மணியை அடித்தாள். டீச்சர் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"டீச்சர், உங்ககிட்ட கேக்க எனக்கு வாய் வரல."

"கேக்க வேணாம். நானே மேல வரத்தான் கிளம்பினேன்."

"அப்ப சாவியக் குடுக்கச் சொல்றீங்களா?"

"மாட்டேன்." டீச்சர் செருப்பை மாட்டினார். "எங்க வீட்டுக்காரருக்கு உடைக்காத விதிய உங்கப்பாவுக்கு உடைச்சா எனக்கு மனசு ஆறாது. ஆனா மாத்தலாம். இனிமே யாருக்குமே அந்த விதி இல்லாம."

லிஃப்ட் விதியை மாற்றச் செயற்குழுவே போதும். ஏழு பேரில் ஐந்து பேர் நேரில் இருந்து கை தூக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அப்பாவின் அறையில் டீச்சர், பல் டாக்டர், தையல்கடைக்காரர், மளிகைக்காரர் என்று நாலு பேர் கூடினார்கள். மற்ற இருவர் வெளியூர். ஏழாவது ஆள் கட்டிலில் இருந்தார்.

"வெளியூர்ல இருக்கறவங்களப் போன்ல கேட்டுட்டா?" என்றார் பல் டாக்டர்.

"நேர்ல இல்லன்னா செல்லாது. விதி ஆறு" என்றார் டீச்சர்.

"மனுஷன் ஒரு சந்து விட்டுவைக்கலையே" என்றார் தையல்கடைக்காரர். சொன்னபிறகுதான் கட்டிலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் தாளைத் திருப்பி மெதுவாகப் படித்தார். "விதி ஒன்பது. உறுப்பினர் இறப்பின், அக்கணமே அவர் வாழ்க்கைத்துணை உறுப்பினராவார். செயற்குழுவில் அவருக்கிருந்த இடமும் அடுத்த தேர்தல்வரை துணைக்கே உரியது."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அப்பாவின் காலடியிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருடமாக, உப்பு போதுமா என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். அவளை யாரும் எதையும் கேட்டதில்லை.

"அக்கா, விதி பதினேழ எடுத்துடலாம்னு நான் முன்மொழியறேன். நீங்களும் கை தூக்கினா நிறைவேறிடும்" என்றார் டீச்சர்.

நாலு கைகள் உயர்ந்தன. அம்மாவின் கை மடியிலேயே இருந்தது.

"அது மட்டும் எழுதினா பத்தாது" என்றாள் அம்மா. "டீச்சர் வீட்டுக்காரர நாற்காலில கட்டி எறக்கினது தப்புன்னும் எழுதுங்க. எங்க வீட்டுக்காரர் செஞ்ச தப்புன்னு எழுதுங்க. அப்புறம் தூக்கறேன்."

டீச்சரின் பேனா நகரவில்லை. பல் டாக்டர் புத்தகத்தை வாங்கி, அம்மா சொன்னதை அப்படியே எழுதினார். எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அம்மா கையைத் தூக்கினாள். மகளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

காவலாளி தீர்மானத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். ஐந்து கையெழுத்தையும் சரிபார்த்தபிறகே சாவியை எடுத்தார். ஐயாவின் சீடர் அல்லவா.

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் தாராளமாகப் படுத்தது. அம்மா, டீச்சர், ஓட்டுநர் ஏறியபின் மகளுக்கு இடமில்லை. அவள் படியில் இறங்கினாள். எப்போதும் சின்ன லிஃப்டிலேயே போய்வந்தவள். ஐந்தாம் மாடியைத் தாண்டியதும் வந்த திருப்பத்தில், முழங்கால் உயரத்தில் சுவர் பெயர்ந்திருந்தது. நாற்காலிக் கால் இடித்த தடம். அடுத்த திருப்பத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். தரைத்தளம்வரை இருந்தது.

கீழே அப்பாவை வேனில் ஏற்றியாகிவிட்டது. அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். காலி லிஃப்டுக்குள் டீச்சர் மட்டும் நின்று, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அதன் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

மகள் வெளியே நின்று, கதவு மூடிவிடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.